எதிராளியின் பெயர் இடது கால்

தக்கலையில் பஞ்சர் ஒட்டக் குந்திய அதே இடத்தில் மூன்று மாடி கட்டினவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கீழே டயர் பட்டறை, மேலே ஹால், அதற்கும் மேலே வீடு. ஒரு செங்கல்லுக்கும் யாரும் கைகொடுக்கவில்லை. ஓடையில் சரிந்த லோடு லாரியை இரண்டே ஜாக்கியால் நான் நிமிர்த்தியதை டிரைவர்மார் இன்றும் சொல்வார்கள். பக்கவாதத்தில் கிடக்கும் உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட நான்தான் கட்டிலில் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தேன்.

முதல் அறிகுறியை நான் கிரீஸ் என்று நினைத்தேன். இடது கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. துடைத்தேன். மறுபடியும் நழுவியது. நான்காம் தடவை துடைக்கிற துணியையே பிடிக்க முடியவில்லை. நீங்கள் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூளையில் ரத்தக்கட்டி (ரத்தம் உறைந்து குழாயை அடைப்பது) என்றார் டாக்டர். உயிரை மீட்டுத் தந்தார். அவருக்கு என் கும்பிடு.

வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்தித் தோல் அழுகுவது) வரும் என்றார். புரட்டியது என் மனைவி தங்கம். அவளுக்கு ஏற்கெனவே முதுகில் டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) விலகியிருந்தது. பத்தாம் நாள் என்னைப் புரட்டியவள் நிமிர முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். இனியும் தூக்கினால் அவளும் படுக்கைதான் என்று டாக்டர் என்னிடமே சொல்லிவிட்டார். இனி நானாகத் திரும்பியாக வேண்டும்.

மகள் அஜிதா சார்ஜாவில் கணக்கு வேலை பார்த்தபோது ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தம் படித்தவள். போனில், இன்றைக்கு மூன்று ஸ்வீப் எடுத்தேன் என்பாள். ஸ்வீப் என்றால் தூத்துப் பெருக்குவது என்றுதான் எனக்குத் தெரியும். கணக்கு வேலை என்று கூட்டிப்போய் என் பிள்ளையைத் தூத்த விட்டார்களே என்று இரண்டு வருஷம் உள்ளுக்குள் வெந்தேன். கீழே கிடப்பவர் மேலே இருப்பவரைப் புரட்டிவிட்டுத் தான் மேலே வருவதுதான் ஸ்வீப்பாம். ஊருக்கு வந்து என் ஹாலில்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறாள்.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்று கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஆஃப் கார்டுன்னு ஒரு கெடப்பு உண்டு. எதிராளி மேல, நாம கீழ. அவனுக்க ஒரு காலை நம்ம ரெண்டு காலுக்கு எடையில பூட்டி வச்சிருப்போம். மலந்து கெடந்தா தோத்தாச்சு. ஒருக்களிச்சாத்தான் ஸ்வீப்."

"எனக்கும் தூத்தப் படிச்சுத்தர வந்தியா மக்களே?" என்றேன்.

வாசலில் நின்ற தங்கம் சொன்னாள்: "நீங்க மொதல்ல எந்திரிங்க. பத்து நாளா கட்டிலுக்கு அடியில தூத்த முடியல்ல."

எதிராளிக்குப் பதிலாக ஒரு தலையணையை என் கால்களுக்கு இடையில் வைத்தாள் அஜிதா. ஐந்து நாள், அவள் புரட்டிவிட்ட நேரம் போக, நானே முக்கினேன். அசையவில்லை. ஜாக்கியை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் லாரி எழும்பாது. ஆறாம் நாள்தான் எனக்கு இடம் பிடிபட்டது.

"தலவணைய எடு மக்களே. எதிராளி எனக்க கூடத்தான் கெடக்கான். இந்த எடது காலுதான் அவன்."

 அவள் தலையணையை எடுத்தாள். வலது பாதத்தை இடது கணுக்காலுக்கு அடியில் கொடுத்தேன். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தேன். தலையைத் தூக்கி வலப்பக்கம் பார்த்துப் புரண்டேன். அந்தக் கால் என்னோடு வந்தது. வலது முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி, இரண்டு காலும் தரையைத் தொட உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்வீப்" என்றாள் அஜிதா. தங்கம் வாரியலை எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் தூத்தினாள்.

பிசியோ (கைகால் பயிற்சி கொடுப்பவர்) பார்த்துவிட்டு, எங்கள் முறையிலும் கிட்டத்தட்ட இதுதான் என்றார். இருக்கட்டும். நீங்களும் உங்கள் பிசியோவைக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

முன்பு படுக்கையிலிருந்து எழுந்தது எனக்கு ஞாபகத்திலேயே நின்றதில்லை. இப்போது ஒவ்வொரு நாள் காலையிலும் எழுவது தெரிகிறது. பாதம், மணிக்கட்டு, முழங்கை, உள்ளங்கை என்று விடிகிறது. இடது காலோடு பகை இல்லை. தினம் மல்லுக்கு வருகிற கூட்டாளி அவன்.

இப்போது ஹாலுக்கு என்னைப் போன்ற மூன்று பேர் வருகிறார்கள். பாடத்தை அஜிதா அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் இருக்கிறது, பிசியோ பெயர் இருக்கிறது. எல்லாருக்கும் நான் கடமைப்பட்டவன். ஆனால் எதிராளி யார் என்று கண்டவன் நான். அட்டையில் என் பெயரையும் எழுத வேண்டும். அடியில் அல்ல, மேலே. அடியில் கிடந்தது போதும்.