இரட்டை அடி விழுந்த காசு

பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், கண்டதையெல்லாம் சொல்லியே தீர வேண்டுமா? உரைகல் என்று பேர் வாங்கியவரின் மனைவி கல்யாணமான புதிதில் இதை அவரிடமே கேட்டுவிட்டாள். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கண்ணு தெரியலைன்னு வர்றவங்ககிட்ட, நல்லாத்தானே தெரியுதுன்னு சொல்லி அனுப்பிடவா?" என்றார். அவர் சொன்னது பதில்தானா என்ற சந்தேகம் அவளை விட்டுப் போகவில்லை.

அவர்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் மேஜையில் அவள். பின்னறையில் கண்ணாடி தேய்க்கும் சக்கரத்தோடு அவர். உரைகல் என்பது பழங்காசு சேர்ப்பவர்கள் வைத்த பெயர். அச்சகத்து மாடியில் ஞாயிறுதோறும் கூடும் அந்தச் சங்கத்தார், எதை வாங்கினாலும் அவரிடம் நீட்டுவார்கள். விளிம்பைப் பார்ப்பார், எடை போடுவார், கல்தரையில் போட்டு ஓசை கேட்பார். கள்ளக்காசு என்றால் "இல்லை" என்பார். நல்ல காசு என்றால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். அந்த மௌனத்துக்காகத் தவம் கிடந்தவர்கள் உண்டு.

சங்கத்துக்கு ஒரு நாக்கு, சொந்தக்காரர்களுக்கு ஒரு நாக்கு என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. மாமனார் காலமானபின், அவர் உயிராய்ப் போற்றிய பழைய வெள்ளிக்காசு மகனுக்கு, அதாவது அவள் தம்பிக்கு, வந்தது. உறவு முழுதும் கூடியிருந்த கூடத்தில் அது கைமாறி இவர் கைக்கு வர, இவர் தரையில் போட்டார்.

"ஈயம்," என்றார்.

மைத்துனன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "எங்கப்பா செத்ததாவது நெசமா மாமா? இல்ல, அதையும் தட்டிப் பாத்துத்தான் சொல்வீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். அதன்பின் வருஷக்கணக்கில் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். யார் வீட்டு விசேஷமானாலும் அவன் ஒரு மூலையிலும் அவள் ஒரு மூலையிலும் உட்கார்ந்து, முகம் பாராமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

உரைகல்லுக்கென்று பெருமைக்குரிய காசு ஒன்று இருந்தது. நாணயச்சாலையில் ஒருமுறை அடி வாங்கிய காசு, நகராமல் அங்கேயே சாய்ந்து கிடந்து, இன்னொரு அடியும் வாங்கியிருந்தது. அதனால் அதிலிருந்த முகத்துக்கு இரண்டு மூக்கு. இளவயதில், காசு பார்க்கக் கற்றுக்கொள்ளும் முன்பே வாங்கியது. சங்கத்தில் அவருக்கு நாற்காலி கிடைத்ததே அதனால்தான். ஒரு கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வைத்தவர், மற்றவர்கள் காசையெல்லாம் பூதக்கண்ணாடியால் பார்த்தாரே ஒழிய, அதை மட்டும் வெறும் கண்ணால்தான் பார்த்துவந்தார்.

இந்த விஷயத்தில் அவர் சொல்லும் விதி ஒன்று உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மனைவி ஒப்பிப்பாள். அச்சில் பிழை இருந்தால், அந்த அச்சில் அடித்த காசு எல்லாவற்றிலும் அது இருக்கும். ஆனால் அடி தவறி விழுந்த பிழை அந்த ஒரு காசோடு போயிற்று. அதே தவறு அதே இடத்தில் இன்னொரு காசில் இருந்தால், அது தவறே அல்ல. யாரோ வார்ப்பு எடுத்துச் செய்த கள்ள வேலை.

ஒரு மத்தியானம் மைத்துனன் கடைக்குள் நுழைந்தான்.

"என்னக்கா, ஈ ஓட்டிக்கிட்டிருக்கே? ஊருல எல்லாருக்கும் கண்ணு சரியாயிடுச்சா?"

அவள் எழுந்துவிட்டாள். "வாடா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்தாள். "இந்தக் கண்ணாடி ஏது? வேற கடையிலயா வாங்கினே?"

"சண்டைன்னா முறையாப் போட வேணாமா?"

உரைகல் பின்னறையிலிருந்து வந்து நின்றார். மைத்துனன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான்.

"மாமா, உங்க காசு பாவம் ஒண்டிக்கட்டையாக் கெடக்குதேன்னு ஒரு ஜோடி தேடிப் புடிச்சேன்."

பொட்டலத்துக்குள் இரண்டு மூக்கு.

"எங்க கெடைச்சுது மாப்ளே?"

"வேலைக்குப் போன எடத்துல ஒரு பழைய சாமான் கடை. பாத்ததுமே அடையாளம் தெரிஞ்சுபோச்சு. வெல மட்டும் கேக்காதீங்க, எம் பொண்டாட்டிக்கே இன்னும் சொல்லல."

உரைகல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தன் காசை எடுத்துப் புதுக்காசின் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இடதைப் பார்த்தார். வலதைப் பார்த்தார். மறுபடி இடது. மனைவிக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. இரண்டிலும் இரண்டாவது மூக்கின் கீழே, கடுகளவு ஒரு கொப்புளம், ஒரே இடத்தில். ஒரே வார்ப்பில் பிறந்த இரட்டைப்பிள்ளைகள். அவர் வாயைத் திறந்தால் ஒரு சொல்லில் இரண்டு காசும் போகும். கூடவே தம்பியும் போவான். டீ போடப் போகிறேன் என்று சொன்னவள் போகாமல் நின்றாள்.

"என்ன மாமா, பேச்சையே காணோம்?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"பேசாமத் திருப்பிக் குடுத்தா நல்ல காசுன்னு அர்த்தமாமே. நீங்க குடுக்கவே இல்லையே?"

"எனக்குன்னுதானே கொண்டாந்தே? அப்புறம் எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்?"

மைத்துனன் ஒரு கணம் யோசித்து, கடை அதிரச் சிரித்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். போகும்போது, "ஞாயித்துக்கெழம சங்கத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க மாமா, நானும் வரேன்," என்றான்.

அவன் தலை மறைந்ததும் அவள், "ஏங்க, ரெண்டுமே..." என்று ஆரம்பித்தாள். அவர் பின்னறைக்குப் போய்விட்டார். சக்கரம் சுழலும் சத்தம் கேட்டது. ஆனால் கண்ணாடி தேயும் சத்தமில்லை. இரும்பு பட்டாலே பாழாகிவிடும் என்று கத்தரிக்கோலைக்கூட அந்தச் சக்கரத்துப் பக்கம் வரவிடாதவர் அவர். எட்டிப் பார்த்தாள். குறட்டில் பிடித்து ஒரு காசைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்று போய் ஒன்று இருக்க வேண்டும் என்றால் எதைத் தேய்த்தாலும் கணக்கு சரிதான். அவர் தேய்த்தது தன்னுடையதை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டியில் ஒரே காசு இருந்தது. அருகே ஓர் அட்டையில் அவர் கையெழுத்தில், 'அசல். மைத்துனர் தந்தது.'

"ஒங்களுது எங்க மாமா?" என்றான் தம்பி.

"எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான் மாப்ளே," என்றார் உரைகல். சங்கத்தார் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க, அவர் பூதக்கண்ணாடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.