புங்கமரத்தடிச் சிமெண்ட்

அந்த வருஷம் மழை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. அரியலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸைக் கூட்டிப் பெருக்குவது அம்மாவின் வேலை. ஆபீஸ் வாசலில் பெரிய புங்கமரம் ஒன்று நின்றது. சேறாகிறதென்று அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் முற்றம் முழுக்க, மரத்தின் அடிவரைக்கும், சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

மரம் இலைகளைக் கொட்டியது. கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. பட்டுப்போய்விட்டது, வெட்டிவிடலாம் என்றார் அதிகாரி. அம்மா நகத்தால் பட்டையைக் கீறி உள்ளே பச்சை இருப்பதைக் காட்டினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பா சுண்ணாம்புக்கல் குழிக்கு எடுத்துப்போகும் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அம்மா கிளம்பினாள். அப்பா தடுக்கவில்லை. "ஓரத்துலேருந்து நெம்பு, வேருல பட்டுடாம" என்று மட்டும் சொன்னார்.

மரத்தைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு அம்மா சிமெண்டைப் பெயர்த்தாள். நான் துண்டுகளைச் சுமந்து சுவரோரம் போட்டேன். மண் சாம்பலாகக் கிடந்தது. அதைக் கொத்திவிட்டு, முந்தின நாள் கைகழுவும் இடத்தில் வாளி வைத்துப் பிடித்த தண்ணீரை ஊற்றி, ஈரம் காயாதிருக்கச் சருகைப் பரப்பினாள்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார்.

"யாரைக் கேட்டு ஒடச்ச?"

"நீங்க யாரைக் கேட்டுப் பூசுனீங்க சார்? அது எப்படித் தண்ணி குடிக்கும்?"

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போவட்டும் சார். மண்ணு சொமந்தாவது பொழச்சுக்குவேன். மறுபடி பூசுனீங்கன்னா மறுபடி கடப்பாரையோட வருவேன்."

அம்மாவின் குரல் நடுங்கவில்லை. நான்தான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வேலை போயிற்று. இரண்டு நாள் கழித்து மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, மனு கொடுக்க வந்திருந்த கூட்டம் மரத்தைச் சுற்றி நின்றுகொண்டு நகர மறுத்துவிட்டது. கோடாலிகள் திரும்பிப் போயின. அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். தினமும் சாயங்காலம் யாரையும் கேட்காமல் ஆபீஸுக்குள் நுழைந்து, வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். மழை வருவதற்கு முன்பே கிளைகளில் தளிர் கண்டது.

எனக்கோ அம்மாமேல் ஆத்திரம். போயும் போயும் ஒரு மரத்துக்காகவா வேலையை விடுவார்கள் என்று பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. செந்துறைப் பக்கமிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வரும் எங்கள் ஜனங்களை அந்த ஆபீஸின் வராந்தாவில் ஏறவிடமாட்டார்கள் என்பதும், கூப்பிடும்வரை அவர்கள் நிற்பதற்கு அந்த நிழலைத் தவிர வேறு இடமில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.