ஒட்டி மூடிய காது

ஹெட்போனைக் கையில் வாங்கியதும் வீப்கே அதைப் பார்ப்பதில்லை, கொண்டுவந்தவரைத்தான் பார்ப்பாள். "பிளக்கைப் பிடிச்சுக் கழட்டுறீங்களா, ஒயரைப் பிடிச்சு இழுக்குறீங்களா? பொய் சொல்லாதீங்க, பிரிச்சா தெரிஞ்சுடும்." வார நாட்களில் அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். பல் தேய்க்காதவர்களை விசாரித்துப் பழகிய குரல் அது.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் எங்கள் குடியிருப்புக் கூடத்தில் சனிக்கிழமை மதியம் பழுதுபார்க்கும் மேசைகள் போடுகிறோம். எனக்குக் காபி ஊற்றும் வேலை. கோப்பைக்கு ஒரு பிஸ்கட், இரண்டாவதைக் கேட்டால் முறைப்பேன். பொருளைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்வரும் கதை வீப்கேயிடம் நடக்காது. உடைத்தவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டு, ஒயரை அங்குலம் அங்குலமாக மடக்கிக்கொண்டு வருவாள். "இப்ப?" "கேக்குது." "இப்ப?" "போச்சு." போன இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு. எங்கள் ஊரில் அது பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான் விழும். போனைக் கால்சட்டைப் பையில் வைத்தபடி சைக்கிள் மிதிக்கிறோம், தொடை உயரும்போதெல்லாம் ஒயர் மடங்குகிறது. "கோட்டுல பை வச்சுத் தச்சது அழகுக்கா?" என்பாள்.

போன வாரம் ஹார்மன் வந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வீட்டுச் சுவர் மெலிது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அதனால் வீட்டிலிருக்கும் மின் ஆர்கனில் ஹெட்போன் போட்டுத்தான் பயிற்சி செய்வார். அந்த ஹெட்போனில் இடது காது செத்துவிட்டது. மூன்றே நாளில், செவ்வாய்க்கிழமை, அவருடைய அக்காவின் அடக்கம். இன்னதுதான் வாசிக்க வேண்டும் என்று அக்காவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காலால் மிதிக்கும் கட்டைகளில் விறுவிறுவென்று ஓடும் இசை, அவருக்கு இன்னும் வசப்படவில்லை. கடையில் ஒயர் இல்லாத ஹெட்போன்தான் இருந்ததாம். "மிதிச்சப்புறம் சத்தம் லேட்டா வருது. அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார்.

ஒயர் அறுந்திருந்தது காதுக்கிண்ணத்துக்குள்ளே. வீப்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு திருகு கிடையாது. சுத்திப் பசை. யாரும் தொறக்கக் கூடாதுன்னே செஞ்சிருக்கானுங்க." பல் அழுக்கு எடுக்கும் கொக்கியால் நெம்பித் திறந்தாள். உள்ளே மயிரிழை போல இரண்டு கம்பிகள், இரண்டும் ஒரே செம்பு நிறம். மேல்பூச்சு போகாமல் ஈயம் பிடிக்காது. சூடுகோலால் பூச்சைப் பொசுக்கிப் பற்றவைத்தாள். எது எந்த முனைக்கு என்று மீட்டரில் பார்த்திருக்கலாம். ஆனால் கூடத்தைக் கவனிக்கும் சீப்ரன் ஐந்து மணிக்கு முன்பே நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

ஹார்மன் போனில் அந்த இசையைப் போட்டுக் கேட்டார். முகம் மலரவில்லை.

"ரெண்டு காதும் கேக்குது. ஆனா கால்கட்டைச் சத்தம் நடுவுல நிக்கல. அடியே இல்லாத மாதிரி இருக்கு."

"கேக்குதுல்ல? அப்புறம் என்ன? கிளம்புங்க," என்றார் சீப்ரன்.

வீப்கேயின் கழுத்து சிவந்தது. "மாத்திப் பத்தவச்சுட்டேன். ஒரு காது காத்தைத் தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்குது." தன்மேல் வந்த கோபம் சட்டென்று திசை திரும்பியது. "செஞ்சவனுங்க ஒரு கம்பில ஒரு சொட்டுச் சாயம் தொட்டு வச்சா குடியா முழுகிப் போகும்? பசைக்கு மட்டும் தாராளமா கை வருது."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. செய்தவன் யாரோ, அக்காவைப் பறிகொடுத்த மனிதர் அல்லவா இங்கே அல்லாடுகிறார்?

"மணி அஞ்சு, வீப்கே," என்றார் சீப்ரன்.

"ஆகட்டும். நாற்காலியோட என்னையும் சேர்த்து அடுக்கி வை."

சூடுகோல் மறுபடி காய்ந்தது. இந்த முறை மீட்டரில் பார்த்தே பற்றவைத்தாள். ஹார்மன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மேசைக்கடியில் அவருடைய இடது குதிகால் ஆர்கன் கட்டையை மிதிப்பதுபோல் இறங்கியது, பெருவிரல் நுனி அடுத்த கட்டையைத் தேடிப் போய் வீப்கேயின் கருவிப்பையில் இடித்தது. அவள் சத்தமில்லாமல் குனிந்து, பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.