வளைவில் காய்ந்த உளுந்து

வளைகுடா வேலைக்கு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். குவைத்திலிருந்து லீவில் வந்த என் தம்பிக்குப் பெண் பார்த்து நிச்சயமும் முடித்திருந்தோம். கல்யாணத்தை முடித்துக்கொண்டுதான் அவன் திரும்ப விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அவனையே ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். புது பைக்கோடு விழுந்ததில் காறை எலும்பு முறிந்திருந்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. தானாக விழுந்தான் என்றால் ஊர் வாயைக் கேட்கவா வேண்டும்? வெளிநாட்டுக் காசு, புது வண்டி, உள்ளே போன சரக்கு என்று கதை கட்டிவிட்டார்கள். அது பெண் வீட்டுக்கும் போய்விட்டது.

பெண்ணின் அப்பா சாயங்காலமே வந்தார். தம்பியிடம் நலம் விசாரித்துவிட்டு என்னை வராண்டாவுக்கு அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குடிச்சிட்டு வண்டி ஓட்டுற பையன்னு தெரிஞ்சப்புறம் எப்படிப் பொண்ணக் குடுக்குறது?"

எனக்குச் சுருக்கென்றது. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. என் வேலை எனக்குத் தெரியும். தம்பியின் வாயில் வாடையே இல்லை என்பதைக் கட்டுப் போடும்போதே கவனித்திருந்தேன். உளுந்து அறுவடை சமயத்தில் ஒவ்வொரு வருஷமும் இப்படித் தானாக விழுந்தவர்கள் அதிகமாக வருவார்கள். பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால், பஸ்ஸும் லாரியும் ஏறிப் போய் நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும், ஆள் வைத்து அடிக்க வேண்டாம். பஸ்ஸுக்கு அது ஒன்றுமில்லை. பைக் சக்கரத்துக்கு அடியில் உளுந்து உருண்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை. ஆனால் காரணம் கேட்டால் கூட வந்தவர்கள் "ஸ்பீடுதாங்க" என்பார்கள். கேஸ் ஷீட்டிலும் அதுவே ஏறிவிடும்.

கழற்றி வைத்திருந்த தம்பியின் சட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். காலரிலும் பையிலும் உளுந்துப் பொட்டு, உடைந்த நெற்றின் தூள், ஒட்டியிருந்தது.

"குடிச்சிருந்தா நானே சொல்லியிருப்பேன் மாமா. ரோட்டுல காயப்போட்ட உளுந்துல சறுக்கியிருக்கான்."

அவர் கொஞ்சம் பொட்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "எந்த எடத்துல விழுந்தாப்புல?"

"உங்க ஊருக்கு முன்னாடி, மதகுக்கிட்ட வளைவுல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அது நம்ம உளுந்துதாம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எங்கள் வீட்டு உளுந்தும் ரோட்டில்தான் காயும், அவரை மட்டும் என்ன சொல்ல? அவர் நேராக வளைவுக்குப் போய், ஆள்களோடு நின்று எல்லாவற்றையும் அள்ளிக் களத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கட்டுப் போட்ட கையோடு தம்பி தாலியைப் பிடிக்க, நாத்தனார் முடிச்சோடு அவன் போட வேண்டிய முடிச்சையும் சேர்த்து நானே போட்டேன்.

வேகத்தால் யாரும் விழுவதில்லை என்று நான் சொல்லவில்லை, அப்படி விழுந்தவர்களுக்கும் கட்டுப் போட்டவள்தான் நான். ஆனால் ரோட்டை விட்டுவிட்டு, ஓட்டியவனை மட்டும் பார்த்து ஒரு காரணத்தை எழுதி முடித்துவிட்டால், அடுத்த பங்குனியிலும் அதே இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை விழுவான்.