அருந்ததியின் இளைப்பு

பண்டத்தரிப்பில் குகதாசனுக்கு எட்டுப் பரப்பு நிலத்தில் வெங்காயத் தோட்டம். அவன் மனைவி அருந்ததி நாலு பாத்தி நட்டு முடிக்குமுன் வரம்பில் போய்க் குந்திவிடுவாள். கூட நடும் பெண்கள் சிரிப்பார்கள். "பஞ்சி பிடிச்ச மனிசியைக் கட்டிப்போட்டன்" என்று குகதாசனும் சேர்ந்து சிரிப்பான். பதினைந்து வருடமாக அந்தச் சோம்பேறிப் பட்டத்தை அவள் மறுத்ததில்லை. இளைப்பு அடங்கியதும் எழும்பி மறுபடி குனிவாள்.

போன மார்கழியில் அவளால் நிமிர்ந்து படுக்க முடியாமல் போயிற்று. தலையணையை இரண்டாக்கினாள், மூன்றாக்கினாள். பிறகு சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். கால்கள் வீங்கின. ஒரு காலை கிணற்றடியில் வாளியோடு சரிந்த பிறகுதான் குகதாசன் ஓட்டோ பிடித்தான்.

ஆசுபத்திரியில் டொக்டர் சிவதர்ஷன் அவளுடைய நெஞ்சை ஸ்கான் பண்ணிக்கொண்டே குகதாசனையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இஞ்சை பாருங்கோ, இது ஒரு வால்வு. ரத்தத்தை மேல் அறையிலை இருந்து கீழ் அறைக்கு விட்டிட்டு இறுக்கி மூட வேணும். இவவுக்கு அது சுருங்கிப்போச்சு, மூடேலாது. இருதயம் ஒவ்வொருக்கா அமத்தேக்கையும் பாதி ரத்தம் பின்னுக்குப் போகுது. அதாலை நுரையீரலிலை தண்ணி தேங்குது. படுத்தா மூச்சு முட்டுறது அதாலைதான்."

திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நீலக் கீற்று பின்னோக்கிப் பாய்ந்தது. குகதாசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சின்ன வயசிலை மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததோ, அம்மா?"

"ஓம் டொக்டர், பதினொரு வயசிலை. தொண்டை நோவோடை தொடங்கினது. மாசாமாசம் ஊசி போட வேணும் எண்டு சொன்னவை. நாலு ஊசிதான் போட்டது. பிறகு சண்டையாலை தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வு. தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை கிடந்தம். ஊசியை ஆர் நினைச்சது?"

இதை அவள் குகதாசனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் கேட்டதுமில்லை.

"ஒப்பரேசன் செய்யேலாதோ?" என்றான்.

"ஐஞ்சாறு வருசத்துக்கு முன்னம் வந்திருந்தா வால்வை மாத்தியிருக்கலாம். இப்ப இருதயம் பெருத்துப் பலமில்லாமல் போச்சு. எதுக்கும் சத்திரசிகிச்சை நிபுணரோடை கதைச்சுப் பாக்கிறன்."

மூன்று கிழமையில் பதில் வந்தது. சத்திரசிகிச்சை மேசையிலேயே உயிர் போகக்கூடும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

பஸ்சில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்:

"இஞ்சரப்பா, எனக்குப் பஞ்சி எண்டுதானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள்."

"தெரியாமச் சொல்லிப்போட்டன்."

"எனக்கும் தெரியாதுதானே. மற்றப் பொம்பிளையளும் இதே இளைப்போடைதான் நடுகினம், எனக்குத்தான் மனமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."



அதன் பிறகு ஏழு மாதம் இருந்தாள். பதினாலு வயது மகள் சாருஜா உப்பில்லாமல் சமைக்கப் பழகினாள். ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சித்திரை வெயிலில் அருந்ததி போத்தலைக் காட்டிக் கெஞ்சுவாள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்த குகதாசன், "இண்டைக்குக் குடிச்சது காணும், அருந்ததி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஆவணியில் ஒரு பகல். சாருஜா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அருந்ததி கதிரையில் சாய்ந்திருந்தாள். குனிய முடியாததால் அவளுடைய கால் நகங்கள் வளர்ந்து கிடந்தன. குகதாசன் நிலத்தில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு நகமாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"நோகுதோ?" என்று கேட்டான்.

பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தான். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

மூக்கில் கை வைத்துப் பார்த்தான். திரும்ப நிலத்தில் குந்தினான். மிச்சம் இருந்த மூன்று நகங்களையும் வெட்டிய பிறகே அயலவரைக் கூப்பிட எழும்பினான்.