டிரெஸ்ஸர் மாமா கொடுக்காத கை

நேற்று மாலை குழந்தைக்கு உடம்பு சுட்டது. துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். அதிகமாக நனைத்துவிட்டேனோ என்று எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாதோ என்று மறுபடியும் போட்டேன். என் கணவர் சிரித்தார், நீங்களும் சிரிக்கலாம். காய்ச்சல் இறங்கிய பிறகும் ஈரத்துணியின் வாசனை கையை விட்டுப் போகவில்லை. அது என்னைச் சிம்பாங் பூலாய் பக்கம், அப்பா பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பா பிரீமேசன், அதாவது வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ஓர் இரகசியச் சகோதரர் சபையில் உறுப்பினர். மாதம் ஒரு சனிக்கிழமை கறுப்புக் கோட்டுப் போட்டு, சடங்கில் இடுப்பில் கட்டும் வெள்ளைத் தோல் ஏப்ரனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஈப்போ நகரத்துக்குப் போவார். அந்தச் சபைக் கட்டடத்தைத் தோட்டத்தில் பேய் வீடு என்பார்கள். உள்ளே தலையை வெட்டுவார்கள் என்று பள்ளியில் ஒருத்தி சொன்னதிலிருந்து, அப்பா திரும்பியதும் நான் முதலில் பார்ப்பது அவர் கழுத்தைத்தான். பக்கத்து வீட்டு டிரெஸ்ஸர் மாமாவும் கூடப் போவார். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. இருவரும் ஒன்றாகச் சபையில் சேர்ந்தவர்கள்.

சீமையில் இரண்டு தலைமைச் சபைகள். எது உண்மையானது என்று போன நூற்றாண்டில் மூண்ட சண்டை எங்கள் காலத்தில் கப்பலேறி ஈப்போவுக்கு வந்தது. பாதிப் பேர் பிரிந்துபோய், மற்றத் தலைமையிடம் அனுமதி வாங்கிப் புதுச் சபை தொடங்கினார்கள். டிரெஸ்ஸர் மாமா அவர்களோடு போனார். அவர்கள் முறையான சகோதரர்கள் அல்ல, அவர்களோடு சபையில் உட்காரக் கூடாது, சகோதரர்களுக்கான இரகசியக் கைகுலுக்கலைக் கொடுக்கக் கூடாது என்று அப்பாவின் சபை அறிவித்தது.

அப்பா கடமையில் குறை வைக்காதவர். (அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது, என்ன செய்ய?) சபைக்குள் என்று சொன்னதை அவர் எங்கள் செம்பருத்தி வேலிவரை நீட்டிக்கொண்டார். மாமா வாசலில் நின்றால் அப்பா பின்பக்கமாக ஆபீசுக்குப் போவார்.

“சீமையில ரெண்டு தொர அடிச்சிக்கிட்டா, நான் பக்கத்து வீட்டுல கருவேப்பில கேக்கக் கூடாதா?” என்பாள் அம்மா.

ஒரு மழை நாள் மத்தியானம் தம்பிக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தது. கண் மேலே செருகிக்கொண்டது. அப்பா வாசல்வரை ஓடினார், அங்கே நின்றுவிட்டார்.

“நான் எப்படிப் போய்க் கூப்பிடுறது...”

“நீங்க நில்லுங்க. உங்க சபையே வந்து பிள்ளையப் பாக்கட்டும்!” என்ற அம்மா என்னைப் பார்த்து, “ஓடு!” என்றாள்.

வேலி இடுக்கில் நுழைந்து ஓடினேன். பாவாடை கிழிந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாமா, செருப்புக்கூடப் போடாமல் வந்தார். தம்பியை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அம்மா அவன் வாயில் திணிக்க வந்த கரண்டியைப் பிடுங்கி எறிந்தார். ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தம்பி வீறிட்டு அழுதான். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். மாமா தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாண்ணே. எந்தக் கை குடுத்தீங்கன்னு நாளைக்கு உங்க ஆளுங்க குடைவாங்க லா.”

“கேக்கட்டும்யா.”

“சபையில ஒண்ணா உக்காரக் கூடாதுன்னுதானே சொன்னான்? பேசக் கூடாதுன்னு எவன் சொன்னான்? ஆறு மாசமா பின்வாசல்ல போறீங்களே!”

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். மாமாவும் கூப்பினார். அதைத் தடுக்க எந்தத் தலைமைச் சபைக்கும் தோன்றியிருக்கவில்லை. அன்று முதல் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தினமும் கும்பிடு. பிறகு ஒரு மணி நேரம் அரட்டை. எந்தச் சபை உண்மையானது என்பதில் மட்டும் இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மாமாவைச் சிலிம் ரிவர் பக்கம் மாற்றினார்கள். அங்கே மலேரியா அவரைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டு சபைகளும் சமாதானமாகி, ஒரே மேசையில் விருந்து வைத்தன. யாரிடம் நியாயம் இருந்தது என்று யாரும் சொல்லவில்லையாம்.

“எல்லார் கையையும் குலுக்கிட்டேன்மா,” என்று அப்பா வந்து சொன்னார். கோட்டைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தம்பி இப்போது என்னைவிட உயரம். அவன் குனிந்து என் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் மாமாவுக்கு மனசுக்குள் நன்றி சொல்கிறேன். அப்பா இன்னும் இருக்கும் தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இப்போது வேறு டிரெஸ்ஸர் இருக்கிறார். நல்லவர்தான். அவருக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.