மூன்று கடைகள் இருக்கும் தெரு

என் தம்பி மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவன். அவன் முடித்துவைத்த மேசையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆள் ஒல்லி என்பதால் பட்டறையில் அவனுக்குக் குண்டூசி என்று பெயர். மற்றவர்கள் இரண்டு நாளில் முடிக்கிற வேலைக்கு அவன் நாலு நாள் எடுப்பான். ஆனால் அவன் வேலை ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடம் குடித்தான். முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு, காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகவும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு, வேலை நேரத்தில், என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் தையல் மெஷினை நிறுத்தினேன்.

"என்னடா இந்த நேரத்துல?"

"பயமா இருக்குக்கா."

பாலிஷ் கரைக்க அவர்கள் ஸ்பிரிட் வைத்திருப்பார்கள். துணியை நனைக்க வாகாக அதை ஒரு டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். அது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அந்த டம்ளர் அவன் வாயருகே இருந்திருக்கிறது. வெடித்திருந்த உதட்டில் பட்டு எரிந்த பிறகுதான் கீழே போட்டிருக்கிறான்.

"தண்ணின்னு நெனச்சு எடுத்துட்டியா?"

வெடித்த உதட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அதுதான்க்கா எனக்கே தெரியல. விட்டுடறேன்க்கா. இன்னியோட விட்டுடறேன்."

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் கணவர், "மாப்ள, இதோட ஒன்பதாவது தடவை. பத்தாவதுக்கு விழா எடுத்துடலாம்" என்றார். தம்பி சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவரும் வாயை மூடிக்கொண்டார்.

எட்டாவது தடவை நடந்தது என் தப்பு. அவனை அறையில் வைத்துப் பூட்டினேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து காவல் காத்தேன். இரண்டாம் நாள் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திறந்தால் வலிப்பு, வாயில் நுரை. சாவியைத் துளையில் நுழைக்க எனக்கு மூன்று முறை கை தவறியது. அதனால் இந்தத் தடவை செருப்பைக்கூட மாற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

டாக்டரம்மா என்னைத்தான் முதலில் திட்டினார். "இவ்வளவு வருஷம் குடிச்சவங்க ஒரேயடியா நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. எங்க கண்ணு முன்னாடி, மாத்திரையோடதான் நிறுத்தணும்" என்றார். ஐந்து நாள் அங்கேயே இருந்தோம். மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஏறுகிறது என்று சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தான். சுவர் வெள்ளையாக இருந்தது. அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "இனிமேலும் ஆசை வரும். அலை மாதிரி வரும். ஒரு இருபது நிமிஷம், அரை மணி நேரம். அந்த நேரத்தை எப்படியாவது கடத்திடுங்க. தானா வடிஞ்சிடும்."

பட்டறை முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். ஸ்பிரிட் இல்லாத வேலையாக, உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கும் வேலையைக் கொடுத்தார். அதோடு ஒரு கவலை தீர்ந்தது. ஆனால் பட்டறையிலிருந்து என் வீட்டுக்கு வரும் தெருவில் மூன்று மதுக்கடைகள். வேறு வழி கிடையாது, ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் மதில். அதனால் ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் அவன் எனக்குப் போன் செய்ய வேண்டும், வீடு வரும்வரை பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எனக்குப் பேச விஷயம் ஏது? யார் ஜாக்கெட்டுக்குக் கழுத்து எத்தனை இறக்கம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

"முதல் கடை வந்துடுச்சுக்கா."

"சரி, அந்த டீச்சர் இருக்காங்கல்ல, கைக்கு பத்து இஞ்ச் வச்சு..."

"தாண்டிட்டேன். பத்து இஞ்ச் அவங்களுக்குப் பத்தாதுக்கா."

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், இரண்டாவது கடையைத் தாண்டிவிட்டேன் என்றான். அடுத்து, "அக்கா, இன்னிக்கு ரொம்ப..." என்றான். அதோடு போன் நின்றுவிட்டது.

திரும்ப அடித்தேன். அணைந்திருந்தது. ஐந்து முறை அடித்தேன். ஐந்தே முக்கால். காத்திருந்தால் வந்துவிடுவான் என்று கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அந்தப் பூட்டிய கதவுதான் கண்ணில் வந்தது. துணியை ஊசியோடு விட்டுவிட்டு ஓடினேன்.

மூன்றாவது கடைதான் எனக்கு முதலில் வரும். வாசலில் கூட்டம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவன், "என்னம்மா, வீட்டுக்காரரைத் தேடறியா? எங்கள்ல யாராவது பரவாயில்லையா?" என்று கேட்டுச் சிரித்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒல்லியான முதுகு ஒன்று குனிந்து உட்கார்ந்திருந்தது. போய்த் தோளைத் தொட்டுத் திருப்பினேன். வேறு யாரோ. அந்த ஆளிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே வந்தேன்.

மேலே நடந்தேன். இரண்டாவது கடைக்கு இருபது அடி முன்னால் ஒரு சலூன். தாண்டிப் போன என்னை சலூன்காரர் கூப்பிட்டார்.

"நீங்க குண்டூசியோட அக்காதானே? கொஞ்சம் உள்ள வாங்கம்மா. எனக்கே பயமா இருக்கு."

நாற்காலியில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"முடி வெட்டச் சொன்னாரு, வெட்டினேன். இன்னும் வெட்டுங்கன்னாரு, ஒட்ட வெட்டினேன். ஷேவ் பண்ணினேன். மீசையும் எடுங்கன்னாரு. இனி புருவம்தான்மா பாக்கி. எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு."

தம்பி கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான்.

"சார்ஜ் போயிடுச்சுக்கா. உன் குரல் இல்லாம மூணாவது கடையைத் தாண்ட முடியும்னு தோணல. ரெண்டாவதுக்குத் திரும்பிடுவேனோன்னு பயந்துட்டேன். துணியைக் கட்டிட்டா எழுந்து ஓட முடியாதுல்ல?"

அருகே போய்க் குனிந்தேன். முகர்ந்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். அவன் அதைக் கவனித்தான். கோபப்படவில்லை, முகத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தூக்கிக் காட்டினான்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றான்.

"முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார் சலூன்காரர்.

"வடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"பாதி."

"அப்ப இரு." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "இவனுக்குத் தலையை நல்லாப் பிடிச்சு விடுங்க" என்றேன் சலூன்காரரிடம். அவர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். வெளியே இரண்டாவது கடையின் விளக்குகளைப் போட்டார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை.